மல்லாட்டைக்கு மார்க் இல்லை

கீழே இருப்பதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

“பிலுவன் செமுங்கரையில் நின்று தகுனியை ஓமித்தான். தகுனி முறுவாகி விழுந்தது. அதைக் கண்ட நெம்பிகள் கலுத்தன.”

இப்போது கேள்விகள். பிலுவன் எங்கே நின்றான்? செமுங்கரையில் நின்றான். எதை ஓமித்தான்? தகுனியை ஓமித்தான். நெம்பிகள் ஏன் கலுத்தன? தகுனி முறுவாகி விழுந்ததைக் கண்டதால் கலுத்தன.

மூன்றுக்கு மூன்று. முழு மார்க். ஆனால் பிலுவன் மனுஷனா, நாயா, தகுனி என்ன எழவு, கலுப்பது சிரிப்பா அழுகையா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் இட்டுக்கட்டியதுதான். ‘இல்’ வந்தால் இடம், ‘ஐ’ வந்தால் செயப்படுபொருள் என்று உங்களுக்குள் இருக்கும் தமிழ் வேலை செய்தது. மண்டைக்குள் ஒரு படம்கூட ஓடாமல் விடை மட்டும் சரியாக வந்து விழுந்தது.

நம் தொடக்கப் பள்ளிகளில் ‘வாசித்துப் பொருள் உணர்தல்’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான் என்கிறேன். பத்தியைக் கொடு, பத்தியிலேயே விடை கிடக்கும் கேள்வியைக் கேள், பிள்ளை கேள்வியின் கடைசிச் சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதும். டிக். தமிழ் இதற்கு ரொம்பத் தோதான மொழி வேறு. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. சொல் தெரியாதவன் வாசித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வான். தமிழில் 247 எழுத்தும் பிடிபட்டுவிட்டால் எதையும் ஒலித்துவிடலாம், ஓமித்தான் உட்பட. சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு, கேட்பவர் நெகிழும்படி வாசிக்கலாம். உள்ளே ஒன்றுமே நடந்திருக்காது. அதை வெளியே இருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, விழுப்புரத்துக்கு வருவோம்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை வருடம் மூடிக் கிடந்து, பிள்ளைகள் படித்ததையும் மறந்திருந்த நேரம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, தெருவிலேயே, கோயில் திண்ணையிலேயே வகுப்பு. சொல்லித்தரப் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் 12 மாவட்டங்கள், அதில் விழுப்புரமும் ஒன்று. பிறகு மாநிலம் முழுக்க.

இந்தத் திட்டத்தை நான் கிண்டலடிக்கப் போவதில்லை. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து எழுதிய ஆய்வு இருக்கிறது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அதன் கணக்கு. ஆயிரம் ரூபாய்க்கு இது மிகப் பெரிய காரியம்.

பெயரை மட்டும் கவனியுங்கள். இல்லம். முதலியார்குப்பத்தில் எந்தப் பிள்ளை தன் வீட்டை இல்லம் என்று சொல்லும்? திண்டிவனம் பக்கம் வீடே கிடையாது, ‘ஊடு’தான். “ஊட்டுக்குப் போறேன் டீச்சர்.” வீட்டைத் தேடிப் போகிற திட்டமே வாசலில் நின்று, அந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு சொல்லால் கூப்பிடுகிறது. இதை வெறும் நக்கலுக்காகச் சொல்லவில்லை, என் வாதமே இதுதான். நம் பிள்ளைகளுக்கு வாசிப்பு புரியாமல் போவதற்கு முதல் காரணம் எழுத்து தெரியாதது இல்லை. புத்தகத்தில் இருக்கும் தமிழை அவர்கள் காதால் கேட்டதே இல்லை. கேட்காத மொழியை வாசித்துப் புரிந்துகொள்ளச் சொல்கிறோம். வராதபோது ‘மெல்லக் கற்பவர்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைக்கிறோம்.

1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்புக்கு ஒரு எளிய கணக்கு சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். எழுத்து மட்டும் நூற்றுக்கு நூறு தெரிந்தாலும், அந்த மொழி காதில் ஏறாவிட்டால், பிலுவன்தான்.

திண்டிவனத்தைச் சுற்றி ஆறேழு மைலுக்குள் இருக்கும் ஒரு ஊரில் மாலை வகுப்பு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பக்கம் முழுக்கத் தடங்காமல் வாசித்தாள். அதில் நிலக்கடலை பற்றி வந்தது. “நிலக்கடலைன்னா என்னம்மா?” என்று கேட்டேன். யோசித்தாள். “கடல்ல இருக்கும்.” நல்ல விடை! சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள், மூளை வேலை செய்திருக்கிறது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், தெருவில் தார்ப்பாய் விரித்து அதைத்தான் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை. விதைப்பது, களை எடுப்பது, பிடுங்குவது, ஆய்வது, மூட்டை கட்டுவது, கமிட்டிக்கு ஏற்றுவது, விலை விழுந்தால் வீட்டில் நடக்கும் சண்டை வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. மல்லாட்டை பற்றி அவளால் ஒரு மணி நேரம் பேச முடியும். நிலக்கடலை பற்றி ஒரு வரி முடியாது. பரீட்சை கேட்பது நிலக்கடலையை.

இன்னொரு சொல், கொல்லை. தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லை என்றால் வீட்டுப் பின்பக்கம். பல ஊர்களில் ‘கொல்லைக்குப் போறேன்’ என்றால் வேறு அர்த்தம், சிரிப்பார்கள். எங்களுக்குக் கொல்லை என்றால் புஞ்சை நிலம், வேலை நடக்கிற இடம், சோறு போடுகிற இடம். “பாட்டி கொல்லையில் செடி நட்டாள்” என்று ஒரு பாடம் இருந்தால் எங்கள் பிள்ளை மண்டைக்குள் ஏக்கர் கணக்கில் ஒரு காடு விரியும், பாடம் எழுதியவர் மனதில் இருப்பது கிணற்றடியில் இரண்டு செம்பருத்தி. “எங்கம்மா கொல்லிக்குப் போயிருக்கு டீச்சர்” என்று ஒரு குழந்தை சொல்லி, வெளியூர் டீச்சருக்குச் சிரிப்பு வந்தால், அந்தக் குழந்தை அடுத்த முறை வாயைத் திறக்குமா?

இங்கேதான் இலக்கிய வாசகர்களான உங்களிடம் (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு சண்டை இருக்கிறது. 1988இல் விழுப்புரத்தில் இருந்துகொண்டு த. பழமலய் ‘சனங்களின் கதை’யைக் கொண்டுவந்தபோது, நடுநாட்டுச் சனங்களின் பேச்சு கவிதையாகிவிட்டது என்று கொண்டாடினோம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது, பேச்சு மொழி நாவலைத் தூக்கி நிறுத்துகிறது என்றோம். கி.ரா.வை வட்டார வழக்கின் தகப்பன் என்றோம். இப்போதும் ஒரு சிறுகதையில் ‘இன்னா’, ‘சொல்லிக்கினு’ வந்தால் ‘மண் மணம்’ என்று ஃபேஸ்புக்கில் எழுதுகிறோம். அதே ‘இன்னா’ ஒன்றாம் வகுப்பில் வந்தால்? ‘என்ன’ன்னு சொல்லு. திருத்து. நாவலில் வந்தால் அழகு, குழந்தை வாயில் வந்தால் பிழை. இந்த இரட்டை வேடத்தை நாம் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. வாசகர்கள் குறைந்துவிட்டார்கள், புத்தகத் திருவிழாவில் டெல்லி அப்பளம்தான் விற்கிறது என்று மட்டும் வருஷா வருஷம் புலம்புகிறோம். வாசகர்களின் கதை ஆறு வயதிலேயே முடிந்துவிடுகிறது, சார்.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். “அப்ப பாடப் புத்தகத்தைக் கொச்சைத் தமிழ்ல எழுதச் சொல்றியா? மொழி அழிஞ்சிடாதா?” இல்லை. எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் திண்டிவனத்துப் பிள்ளை திருநெல்வேலிக்காரர் எழுதியதைப் படிக்க முடியாது. நான் சொல்வது பாலம். மல்லாட்டை என்று குழந்தை சொன்னால், “ஆமா, மல்லாட்டை. புத்தகத்துல அதுக்கு இன்னொரு பேரு போட்டிருக்கான், நிலக்கடலை. மெட்ராஸ்ல வேர்க்கடலைம்பாங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து விநாடி. குழந்தைக்கு ஒரு பொருளுக்கு மூன்று சொல் கிடைக்கிறது. எதையும் பிடுங்கவில்லை, சேர்க்கிறோம். தமிழ் வளர்வது இப்படித்தானே?

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அறிவொளி இயக்கக் காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தபோது அ-அம்மா, ஆ-ஆடு என்று ஆரம்பிக்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று அவர்கள் வாழ்க்கையில் கனக்கிற சொற்களை எடுத்தார்கள். பட்டா இல்லாதவருக்குப் பட்டா என்ற சொல்லைப் பார்த்ததும் பேச ஆயிரம் இருக்கும், எழுத்து பின்னாலேயே வரும். நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அன்றைக்கு அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்டு, அதை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். 1963இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா 1932இல் எழுதிய ‘பகல் கனவு’ ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் பாடத்தைத் திறப்பதில்லை, கதை சொல்கிறார். பெரியவர்களுக்கு நாமே செய்து காட்டியதை நம் ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்ய மனம் வரவில்லை.

அடுத்து எண்கள். எனக்கு எண்கள் மேல் கோபம் இல்லை, அதை வைத்து நடக்கும் கூத்தின் மேல்தான் கோபம். பிரதம் அமைப்பின் அசர் அறிக்கைப்படி 2018இல் தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 10.2 சதவீதம். 2022இல் 4.8. அதிர்ச்சி, தலையங்கம், டிவி விவாதம். ஆனால் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது? எழுத்து, சொல், பத்தி, குட்டிக் கதை. குழந்தை சரளமாக ஒலித்துவிட்டால் தேறியது. கதையில் என்ன நடந்தது என்பதை வைத்து அந்த நிலையை முடிவு செய்வதில்லை. ஆக, தேறிய அந்த 4.8இலும் எத்தனை பேருக்குக் கதை புரிந்தது என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

ஒன்றிய அரசின் ‘நிபுன் பாரத்’ 2021 ஜூலையில் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் பொருளுணர்ந்து நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. ‘பொருளுணர்ந்து’ என்று காகிதத்தில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டாப்வாட்சால் பொருளை அளக்க முடியாது, சொல்லை அளக்கலாம். அதனால் அளப்பது சொல்லைத்தான். அதிலும் ஒரு அநியாயம் பாருங்கள். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும், இந்தியிலும் நாலைந்து ஆகும். எல்லா மொழிக்கும் நிமிடத்துக்கு 60 என்றால் தமிழ்ப் பிள்ளை மூட்டை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் கை வீசி ஓடலாம். தமிழுக்குத் தமிழின் கணக்கு வேண்டும் என்பதைவிட, வாசிப்பை ஓட்டப்பந்தயமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. புரிந்து வாசிக்கிற பிள்ளை நிற்கும். திரும்பப் பார்க்கும். “ஏன் சார் அது அங்க போச்சு?” என்று கேட்கும். அந்த நேரத்தில் ஆறு சொல் போய்விடும்.

தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. எண்ணம் நல்லதுதான். ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பது உண்மை. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, இந்த நிலைகளையும் பார்த்து, செயலியில் மதிப்பீட்டை ஏற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. கதை சொல்ல நேரம் எங்கே? ஆசிரியர்களைத் திட்டுகிறவர்கள் ஒரு வாரம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

“முதல்ல எழுத்து, அப்புறம் அர்த்தம்” என்று ஒரு வாதம் உண்டு. 4.8 சதவீதத்தை வைத்துக்கொண்டு அர்த்தம் பேசலாமா என்பார்கள். எழுத்து வேண்டாம் என்று யார் சொன்னது? தினமும் சொல்லிக்கொடுங்கள், ஒழுங்காக, வரிசையாக. ஆனால் அர்த்தம் அதுவரை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மூன்று வயதில், அ-வைப் பார்ப்பதற்கு முன்பே, அங்கன்வாடியில் ஒரு கதையைக் கேட்டுக் குழந்தை சிரிக்கலாம், பயப்படலாம், அடுத்து என்ன என்று ஊகிக்கலாம். பிறகு வாசிக்கும்போது கைகொடுக்கப்போவது அதுதான். அதோடு, அர்த்தம் எழுத்தையும் இழுத்துக்கொண்டு வரும். ‘மல்லா...’ வரை தட்டுத்தடுமாறி வந்த பிள்ளை மீதியைத் தானே முடித்துவிடும். ‘நிலக்...’ என்று நின்றால் எதை வைத்து முடிக்கும்?

கதைக்குப் பின்னால் வரும் கேள்விகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘இக்கதையின் மூலம் நாம் அறியும் நீதி யாது?’ இந்த யாதுவை ஒழித்தாலே பாதி வேலை முடிந்தது. காக்கா வடை கதையை எடுங்கள். ஆளாளுக்கு ‘புகழ்ச்சிக்கு மயங்காதே’ என்று ஒப்பிப்பார்கள். பிள்ளைகளைச் சும்மா பேச விட்டுப் பாருங்கள். “பாட்டிக்கு வடை போச்சே, அதுக்கு யாரு காசு குடுப்பா?” என்று ஒருவன் கேட்டான். தினக்கூலி வீட்டுப் பிள்ளை. அந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நஷ்டம் பாட்டிக்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் புரிதல். கதையில் எழுதாததை எழுதியதிலிருந்து எடுப்பது. அதற்கு மார்க் கிடையாது, ‘பாடத்துக்கு வெளியே’.

தெரிந்த உலகம் வாசிப்பில் எவ்வளவு உதவும் என்பதற்கு 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் செய்த சோதனை ஒன்று பிரபலம். பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்தபோது, வாசிப்பில் பின்தங்கிய ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவரின் மகளுக்கு உப்பு பற்றி ஒரு பத்தி கொடுங்கள். பனிமனிதன் செய்வது பற்றியும் ஒன்று கொடுங்கள். பிறகு யார் மெல்லக் கற்பவர் என்று பேசுவோம். பனிமனிதனும் வரட்டும், உலகம் தெரிய வேண்டாமா, ஆனால் அதையே முதல் படியாக வைக்காதீர்கள்.

ஆங்கில வழியைப் பற்றி நீட்ட மாட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்றால் செஞ்சி ரோட்டிலும் பாண்டி ரோட்டிலும் போகும் மஞ்சள் வேன்களை எண்ணி மாளாது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் தமிழிலேயே ஓமித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியில் என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். அதே திண்டிவனத்தின் ரோஷணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய தாய்த்தமிழ்ப் பள்ளி, இந்த ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து பார்த்த ஒன்று. அதைத் தமிழ்ப் பற்று என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். குழந்தைக்குப் புரிகிற மொழியில் பள்ளி என்பது பற்று சார்ந்த விஷயமா, அடிப்படைப் பொது அறிவா?

இல்லம் தேடிக் கல்வி ஏன் பலித்தது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. ஆய்வு இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சொல்லிக்கொடுத்தவள் அதே தெருக்காரி. அவளும் ‘ஊடு’ என்றுதான் சொல்வாள். “அக்கா, இன்னாக்கா இது?” என்று பிள்ளை கேட்க முடிந்தது, அவள் அதே மொழியில் பதில் சொன்னாள். பாலம் தானாக அமைந்தது. அரசாங்கம் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, செலவைக் குறைக்கப்போய் அது நடந்துவிட்டது. இப்போதாவது தெரிந்தே செய்யலாம். பள்ளிக்கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது. தலைப்புகளிலேயே உயிர் இருக்கிறது பாருங்கள், அரும்பு மொட்டு மலர் மாதிரி இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன, போனிலேயே வாசித்துக்காட்டலாம். புத்தகம் இல்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. வாசித்துக்காட்டும் ஆள்தான் இல்லை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுங்கள், எழுத்துத் தமிழிலேயே, மாற்றாமல், அது காதில் ஏறட்டும். நடுவில் நிறுத்தி “இப்ப இன்னா ஆவும்?” என்று கேளுங்கள். பதிலை அவர்கள் தமிழிலேயே வாங்குங்கள், திருத்தாதீர்கள். மறுநாள் அதே கதையை ஒரு பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். அது சொன்னதை அப்படியே, ‘வந்துச்சு’ என்றால் ‘வந்துச்சு’ என்றே, சார்ட்டில் எழுதி மாட்டுங்கள். தான் சொன்னதைத் தானே வாசிக்கும் பிள்ளைக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் புத்தக வரியையும் எழுதுங்கள், ‘வந்தது’. இரண்டையும் பார்த்து வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆறு வயதுக்காரர்கள் இதில் கில்லாடிகள், வீட்டில் ஆயாவிடம் ஒரு மாதிரியும் டீச்சரிடம் ஒரு மாதிரியும் பேசிப் பழகியவர்கள்தானே.

இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். கால அட்டவணையில் எழுதி வைத்த பதினைந்து நிமிடம், அந்த நேரத்தில் ஆசிரியரிடம் எந்தப் புள்ளிவிவரமும் கேட்கக் கூடாது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதமாக இருந்தபோது, கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் 71.88இல் நின்றது. இல்லம் தேடிக் கல்விக்கு முதல் ஊராக இருக்க முடிந்ததென்றால் இதற்கும் இருக்கலாம். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் ஸ்டாப்வாட்சை ஒருமுறை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வரட்டும். பிள்ளை கதையை வாசித்து முடித்ததும், பத்தியில் விடை இல்லாத ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். பதில் எந்தத் தமிழில் வந்தாலும் குறித்துக்கொள்ளட்டும்.